வெளுக்காத எலும்பு

கிரேக்க மலையூரான எங்கள் லாக்கோவூனியின் ஜனங்களுக்குச் செத்தவர்கள் மேல் இருக்கும் அக்கறையில் பாதிகூட உயிரோடு இருப்பவர்கள் மேல் கிடையாது. செத்தவர்களுக்காகப் பூசை வைக்கும் ஆத்மாக்களின் சனிக்கிழமை வந்தால் போதும், ஊர்ப் பெண்களெல்லாம் வேகவைத்த கோதுமையில் சர்க்கரையும் மாதுளை முத்தும் கலந்து, தட்டில் குவித்துக் கோவிலுக்கு எடுத்து வருவார்கள். பூசை முடிந்ததும் ஒருத்தி தட்டிலிருந்து இன்னொருத்தி ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் செத்தவருக்குப் போய்ச் சேரும். கருஃபல்யாவின் தட்டில் மட்டும் யாரும் கை வைத்ததில்லை. வருஷா வருஷம் அவள் தட்டை நிறைத்துக் கொண்டு வருவாள். நிறைந்த தட்டை அப்படியே வீட்டுக்குத் தூக்கிப்போய்க் கோழிகளுக்குக் கொட்டுவாள். அடுத்த வருஷமும் கொண்டு வருவாள். அவ்வளவு வீம்பு.

அவள் அப்பா லாம்ப்ரோஸ் ஊரைக் காட்டிக்கொடுத்தவன். இது ஊர் கட்டிய முடிவு. போர்க்காலத்தில் ஓர் ஆகஸ்ட் காலையில் ஜெர்மன்காரர்கள் வந்து, ஆண்களையெல்லாம் கோவில் முற்றத்தில் நிறுத்தினார்களாம். முகத்தில் சாக்கு மாட்டிய ஒருவன் வரிசை வழியே நடந்து, இவன், இவன் என்று விரலை நீட்டினானாம். அவன் விரல் பட்டவர்களையெல்லாம் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்களாம். பள்ளிக்கூடத்தில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். நினைவு நாளுக்கு வரும் மந்திரியும் இதைத்தான் சொல்லிவிட்டுக் கார் ஏறுகிறார். அந்தச் சாக்குக்காரன் யார்? மேல்தெரு ஆண்களில் உயிரோடு திரும்பி வந்தவன் லாம்ப்ரோஸ் ஒருவன்தான். வேறென்ன அத்தாட்சி வேண்டும்? திரும்பி வந்த அன்றைக்கே அவனைக் கல்லாலும் கோடாலிக் காம்பாலும் அடித்துக் கொன்று, ஊருக்குக் கீழே இருந்த பழைய கரிக்குழியில் போட்டு மூடினார்கள். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. தாய்க்காரி அவள் முகத்தைத் தன் பாவாடையில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். காதை மூட அவளுக்குத் தோன்றவில்லை.

தாயும் சீக்கிரமே போய்ச் சேர்ந்தாள். கருஃபல்யா ஆடு மேய்த்து வளர்ந்தாள். உள்ளூரில் அவளைக் கட்டிக்கொள்ள எவன் வருவான்? ரோடு போட வந்த வெளியூர்க்காரன் ஒருவன் கட்டிக்கொண்டான். ஸ்தெர்யோஸ் என்று ஒரு மகனைக் கொடுத்துவிட்டு அவனும் நெஞ்சடைத்துச் செத்தான். மகன் லாரிசாவில் பஸ் ஓட்டுகிறான். அங்கே வந்துவிடச் சொல்லி எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தான்.

"நான் போனா என்ன சொல்வாளுங்க தெரியுமா? குத்தமுள்ள நெஞ்சு ஓடிப்போச்சும்பாளுங்க. எங்கப்பன் மண்ணுக்குள்ள கெடக்குற வரைக்கும் நானும் இங்கதான்டா கெடப்பேன்."

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எங்கள் பக்கம் செத்தவரைப் புதைத்துச் சில வருஷம் கழித்துத் தோண்டி எடுப்போம். எலும்பைத் திராட்சை மதுவில் கழுவி, பெட்டியில் போட்டு, கோவிலை ஒட்டிய எலும்பறையில் வைப்போம். அப்போதுதான் ஒருவன் ஊரோடு சேர்கிறான். லாம்ப்ரோஸை யாரும் தோண்டவும் இல்லை, சேர்க்கவும் இல்லை. தன் கண் மூடுவதற்குள் அப்பாவின் பெட்டியை மற்றவர்கள் பெட்டியோடு வரிசையில் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே எண்பது வயது வரை அவள் உயிரைப் பிடித்து வைத்திருந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் அந்தப் புத்தகம் வந்தது. தனாயி என்று ஏதென்ஸ்காரி ஒருத்தி, நாட்டின் பழைய வீரக் கதைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து எழுதுகிறவள், இரண்டு கோடை இங்கே தங்கி வீடு வீடாகக் காப்பி குடித்துவிட்டுப் போயிருந்தாள். அவள் எழுதிய புத்தகம் வெளிவந்ததும் நாடே அதைப் பற்றிப் பேசியது. பெட்ரோல் பங்கில்கூட அடுக்கி வைத்து விற்றார்கள். சாக்குக்காரன் என்று ஒருவன் வரவே இல்லை என்று அதில் எழுதியிருந்தாள். நடந்த சில மாதத்திலேயே பிழைத்தவர்கள் கொடுத்த வாக்குமூலங்களில் சாக்கும் இல்லை, விரலும் இல்லையாம். கதைக்குள் சாக்கு நுழைந்ததே பத்து வருஷம் கழித்துத்தானாம். பாலத்தில் கெரில்லாக்கள் தங்கள் ஆட்களைக் கொன்றதற்குப் பழியாக ஜெர்மன்காரர்கள் முதலில் எதிர்ப்பட்ட மேல்தெருவை அப்படியே வாரிக்கொண்டு போனார்கள். லாம்ப்ரோஸை விட்டது, கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு மலை இறங்க ஓர் ஆள் தேவைப்பட்டதால். பாலத்தில் தாக்காதே, ஊர் அழிந்துவிடும் என்று பெரியவர்கள் காலைப் பிடித்துக் கெஞ்சியும் கேட்காமல் தாக்கியவர், இன்று சதுக்கத்தில் வெண்கலச் சிலையாக நிற்கும் கெரில்லாத் தளபதி.

புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தது ஸ்தெர்யோஸ். கருஃபல்யா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அப்பாவைப் பற்றிய பக்கங்களை விரல் வைத்து வைத்து ஓரமெல்லாம் அழுக்காக்கிவிட்டாள். படித்து முடித்ததும் முகம் கழுவி, கறுப்பு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி நேராகக் காப்பிக்கடைக்குப் போனாள்.

ஊர்த்தலைவர் மில்தோஸ் சீட்டைக் கீழே வைக்காமலே கேட்டார். "என்ன கெழவி, உங்கப்பனுக்கும் செலை வைக்கணுமா? தளபதிக்குப் பக்கத்துலயா, எதுத்தாப்புலயா?"

"செலைய நீயே வச்சுக்க. எலும்பறையில ஒரு பெட்டி வைக்க எடம் குடு, போதும்."

"ஏதென்ஸ்காரிக்கு எத்தன பால்கட்டி குடுத்த, இப்படி எழுத?"

கடையே சிரித்தது. எனக்கு மில்தோஸ் மேல் கோபம் இல்லை. அந்தாளுக்கு வாய் மட்டும்தான். நெஞ்சில் குத்தியது பக்கத்து வீட்டு அர்ஹோந்தோ சொன்னதுதான். சுவரோரம் அப்பாவையும் இரண்டு அண்ணன்களையும் பறிகொடுத்தவள். கருஃபல்யாவுக்கும் அவளுக்கும் ஒரே வயது.

"சாக்குக்காரனே இல்லைன்னா, எங்கண்ணன்மாரு எதுக்குடி செத்தாங்க? சும்மாவா? மொதத் தெருவுல குடியிருந்ததுக்கா? காட்டிக்குடுத்தவன் ஒருத்தன் இருக்கணும்டி. இல்லைன்னா எனக்குக் கண்ணு மூடாது."

கருஃபல்யா புத்தகத்தை மறுபடி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அர்ஹோந்தோவுக்கான பதில் புத்தகத்திலும் இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த நாள் பாதிரியார் ஃபோத்திஸிடம் போனாள். அவர் நல்ல மனிதர், ஆனால் ஊருக்குப் பயந்தவர். மதில்மேல் பூனை.

"புத்தகத்த நானும் படிச்சேன்மா. ஆனா புத்தகம் சொல்லுச்சுன்னு எலும்பறையத் தெறந்தா என்னை ஊர்ல விடுவாங்களா? வேணும்னா ஒண்ணு செய்யலாம். ஈஸ்டர் முடியட்டும், தோண்டிப் பாப்போம். எலும்பு எப்படி வருதுன்னு எல்லாரும் பாக்கட்டும்."

அவர் என்ன சொல்கிறார் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். கடவுள் மன்னித்தவனின் எலும்பு மெழுகு மாதிரி மஞ்சளாக வரும். பாவியின் எலும்பு கறுத்து வரும். ஏதென்ஸில் படித்து வந்த டாக்டர்கூடத் தன் தாயைத் தோண்டும்போது நிறத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

"சரி சாமி," என்றாள் கருஃபல்யா, அவர் முடிப்பதற்கு முன்பே.

விஷயம் கேட்டு மகன் தலையில் அடித்துக்கொண்டான். "அம்மா, அது கரிக்குழிம்மா! நூறு வருஷம் மரத்த எரிச்ச எடம். அந்த மண்ணுல எதப் பொதைச்சாலும் கறுப்பாத்தாம்மா வரும். தெரிஞ்சே போய் மாட்டிக்காத!"

"பாவமில்லாதவன் எலும்ப எந்த மண்ணுடா கறுப்பாக்கும்?"

"அவனுங்க சொல்றதையே நீயும் சொல்றியேம்மா. புத்தகத்துல அவ்வளவு தெளிவா இருக்குல்ல?"

"புத்தகம் ஏதென்ஸ்காரங்களுக்குடா. இவளுகளுக்கு எலும்பு சொன்னாத்தான் ஏறும். சொல்லும் பாரு."

அவன் கெஞ்சினான், கத்தினான். ஒரு கட்டத்தில் எழுந்து போய்க் கதவை அறைந்து சாத்தினான். அவளுக்கு ஒரு துளி பயமும் இல்லை. நல்ல மதுவாகப் பார்த்து வாங்கி வைத்தாள். பெட்டி செய்யச் சொல்லி, அதன் மூடியில் அப்பாவின் பெயரைப் பொறிக்கச் சொன்னாள். வெள்ளைத் துணியைத் துவைத்து வெயிலில் உலர்த்தி, மடித்து வைத்தாள்.

தோண்டிய காலையில் அழைக்காமலே ஊர் திரண்டு வந்துவிட்டது. அல்பேனியக் கூலியாள் ஒருவன் குழியில் இறங்கினான். மண்வெட்டி போகப் போக மண் கறுத்துக்கொண்டே வந்தது. முதலில் ஒரு செருப்பின் ஆணிகள் வந்தன. பிறகு தொடை எலும்பை எடுத்து மேலே நீட்டினான்.

கறுப்பு. அடுப்பங்கரி மாதிரி கறுப்பு.

பெண்கள் எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். "பாத்தீங்களா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஸ்தெர்யோஸ் குழியிலிருந்து ஒரு கை மண்ணை அள்ளி, ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் நீட்டினான். "கரிய்யா இது! மண்ணே கரி! கண்ணு தெரியலையா உங்களுக்கு?" அவன் கையெல்லாம் கறுத்திருந்தது. எல்லாருக்கும் நன்றாகவே தெரிந்தது. தெரிந்தும் யாருக்கும் எதுவும் மாறவில்லை. எங்கள் ஊரை நினைத்து நான் வெட்கப்பட்ட நாட்கள் பல உண்டு. அதில் இதுவும் ஒன்று.

கருஃபல்யா மண்டியிட்டு உட்கார்ந்து, எலும்பை மதுவில் முக்கித் தேய்த்தாள். மது கறுத்தது, எலும்பு வெளுக்கவில்லை. அதைக் கொட்டிவிட்டு வேறு மது ஊற்றித் தேய்த்தாள். கொண்டுவந்த மதுவெல்லாம் தீர்ந்தது. பாதிரியார் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"என்னால முடியாதும்மா. இன்னும் கொஞ்சக் காலம் மண்ணுலயே இருக்கட்டும். சில பேருக்கு நாளாகும்."

"எழுவது வருஷம் பத்தலையா சாமி?"

அவர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடேறிப் போனார். ஊரும் பின்னாலேயே போயிற்று. அர்ஹோந்தோ மட்டும் கொஞ்ச நேரம் நின்றாள். அவள் முகத்தில் வெற்றி ஒன்றும் இல்லை, நிம்மதிதான் இருந்தது. அதைப் பார்க்கத்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது. பிறகு அவளும் போய்விட்டாள்.

எலும்புகளை வெள்ளைத் துணியில் கட்டி, மகனும் கூலியாளுமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவள் சமையலறைத் தொட்டியில் வெந்நீர் ஊற்றிச் சோடா உப்புப் போட்டு, மண்டையோட்டை எடுத்து மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள். ஸ்தெர்யோஸ் புத்தகத்தை எடுத்து, அவள் விரல்பட்டு அழுக்கான பக்கத்தைப் பிரித்து, சத்தமாக வாசித்தான். வாக்குமூலம் கொடுத்தவர்களின் பெயர்களை வாசித்தான். கோவேறு கழுதைகளைப் பற்றி வாசித்தான். குரல் உடைந்தபோதும் நிறுத்தாமல் வாசித்தான்.

அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றுதான் அவன் நினைத்தான். திரும்பிப் பார்த்தபோது கைகள் ஓய்ந்திருந்தன. மண்டையோட்டை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா," என்று கேட்டாள், "அன்னிக்கு வெரல நீட்டுனது நீதானாப்பா?"