கரைக்காரர் இருவர்

அமெரிக்கக் கால்பந்தை நான் தமிழ்ப் படங்களின் வாலில்தான் பார்க்கக் கற்றேன். பாரிஸ் லா சப்பலில் வீடியோக் கசெற் வாடகைக்குக் கொடுக்கும் கடை ஒன்று. படம் முடிந்து ‘வணக்கம்’ என்ற எழுத்து மறைந்ததும் திரை ஒரு தடவை கிழிந்து சேரும். பிறகு தலைக்கவசம் போட்ட பெரிய உடம்புகள் புல்லில் குனிந்து நிற்கும். கடைக்கார அண்ணையின் தம்பி நியூ ஜெர்சியில் இருந்தார். லண்டனில் கிடைக்காத பழைய படங்களை அங்குள்ள இந்தியக் கடை ஒன்றில் எடுத்துப் பிரதி பண்ணி அனுப்புவார். புதுக் கசெற் வாங்காமல், தான் முன்பு விளையாட்டுப் பதிந்து வைத்திருந்த கசெற்றுகளின் மேலேயே படத்தைப் பதிவார். அமெரிக்கக் கசெற் மெதுவான வேகத்தில் ஆறு மணித்தியாலம் ஓடும். எங்கள் படம் அதில் பாதியில் முடிந்துவிடும். மிச்சத்தில் அழியாமல் கிடந்தது அந்த விளையாட்டு. தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. யார் வென்றார்கள் என்று ஒருநாளும் தெரியாது.

நான் மின்னணுவியலில் டிப்ளோமா முடித்து, ஒபர்வில்லியேயில் தொலைக்காட்சி திருத்தும் பட்டறை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் இந்தக் கடைக்கு வந்து கருவிகளைப் பார்த்துக் கொடுப்பேன். அமெரிக்கப் பதிவு முறை வேறு, பிரான்சின் முறை வேறு. அந்தக் கசெற்றைப் போட்டால் படம் மேலிருந்து கீழே உருண்டுகொண்டே இருக்கும். பெட்டியின் பின்னால் உள்ள சின்னத் திருகியைத் திருப்பி உருளுவதை நிறுத்தினேன். நிறத்தை மட்டும் கொண்டுவர முடியவில்லை. எல்லாம் கறுப்பு வெள்ளை. படத்துக்கு அது போதும், எப்படியும் பழைய படம்தானே என்றார் கடைக்கார அண்ணை.

பின்னேர வேலைக்குப் போகும் முன் ரெஸ்ரோறன்ற் ஆட்கள் சிலர் வந்து நிற்பார்கள். அவர்களும் வாலைப் பார்க்கத் தொடங்கினார்கள். விளையாட்டின் விதி எங்கள் ஒருவருக்கும் தெரியாது. பார்த்துப் பார்த்து ஒன்று மட்டும் பிடிபட்டது. ஒருவர் பின்னால் நின்று பந்தை எறியப் பார்ப்பார். அவரைக் காக்க முன்னால் ஒரு வரிசை தடியர்கள். எதிர் வரிசையின் இரு ஓரங்களிலும் நிற்பவர்களுக்கு ஒரே வேலைதான். அந்தக் காவலைச் சுற்றிப் போ, அல்லது உடைத்துப் போ, எறிகிறவரைப் பிடித்து விழுத்து. ஓரத்தில் நிற்பதால் எங்கள் கடையில் அவர்களுக்குக் கரைக்காரர் என்று பெயர். விழுத்துவதற்கு ஆங்கில அறிவிப்பாளர் சொல்லும் சொல் எங்கள் காதில் ‘சாக்கு’ என்றே விழுந்தது. அதனால் கரைக்காரன் ஆளைப் பிடித்ததும், “கட்டிப்போட்டான் சாக்கிலை” என்று யாராவது சொல்லுவார்கள்.

இது ஊரில் கோடு கீறி மறித்து விளையாடும் கிளித்தட்டுத்தான், இவன் கோட்டில் நின்று மறிக்கிறவன் என்று ஒருவர் வாதாடினார். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. கிளித்தட்டில் மறிக்கிறவன் கோட்டை விட்டு வரக்கூடாது, இவனுக்கோ கோட்டை விட்டு வருவதே தொழில், மறிக்கிறவர்கள் மற்றப் பக்கத்துத் தடியர்கள் என்று திருத்தினேன். அன்றிலிருந்து சந்தேகம் வந்தால் என்னைக் கேட்டார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. பிறகு வெட்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

கசெற்றுகளில் திரும்பத் திரும்ப வந்த கரைக்காரர் இருவர். ஒருவர் வெள்ளைச் சட்டை அணியில் இடது கரையில் நிற்பார். மற்றவர் கறுப்பாகத் தெரியும் சட்டை அணியில் வலது கரை. இருவர் முதுகிலும் ஒரே இலக்கம். அது எனக்கு வியப்பாக இல்லை. எங்கள் ஊர்க் கால்பந்தில் ஒன்பதாம் இலக்கம் என்றால் நடுவில் நின்று கோல் அடிப்பவர், எந்த அணியாக இருந்தாலும். இலக்கம் என்பது நிற்கும் இடம். அப்படியே இதுவும் கரைக்காரரின் இலக்கம் என்று எடுத்துக்கொண்டேன். இலக்கத்துக்கு மேலே பெயரும் இருந்தது. ஆனால் மெதுவான வேகத்தில் பதிந்து, பல தடவை ஓடித் தேய்ந்த நாடாவில் அது பூச்சி ஊர்ந்த கோடாகத்தான் தெரிந்தது.

நான் எதையும் நிரல்படுத்தித்தான் யோசிப்பேன். பழுதான பெட்டி வந்தால், மின்சாரம் வருகிறதா, ஒலி வருகிறதா, கோடு வருகிறதா என்று வரிசையாகப் போவேன். இருவரையும் அப்படியே ஒப்பிட்டேன். முதல் அடி: வெள்ளைச் சட்டைக்காரர் பந்து அசைந்த கணமே பாய்வார், சிலவேளை அதற்கு முன்பும் பாய்ந்து பிழை வாங்குவார். கறுப்புச் சட்டைக்காரர் அரை மூச்சு பொறுப்பார். கை: வெள்ளைக்குத் தோள்தான் ஆயுதம், கறுப்போ மறிப்பவரின் மணிக்கட்டைத் தட்டிவிட்டு வழுகிப் போவார். பிடித்த பிறகு: முதலாமவர் துள்ளுவார். மற்றவர் விழுந்தவருக்குக் கை கொடுத்து எழுப்புவார். கறுப்புச் சட்டைக்காரரே பெரியவர் என்பது என் முடிவு. கடையில் பாதிப் பேர் என் பக்கம்.

இந்த நேரத்தில்தான் கடைக்கார அண்ணை நியூ ஜெர்சித் தம்பிக்குப் பெண்ணாக என்னைக் கேட்டார். அண்ணாவுக்கும் அண்ணிக்கும் நல்ல சந்தோஷம். அவர்களோடுதான் நான் இருந்தேன். அதற்கு முதல் இரண்டு இடத்துப் பேச்சு வந்து போயிருந்தது. ஒருவர் நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டுவிட்டு, பதிலின் நடுவில் பலகாரத்தை எடுத்தார். மற்றவர் கேட்கவே இல்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான்: நான் சொல்வதைக் கேட்டு, அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரு ஆள். இவராவது அப்படி இருக்கவேண்டும் என்று மனம் கிடந்து அடித்தது. ஏனென்றால் மூன்றாவதையும் வேண்டாம் என்றால் அண்ணா முகத்தில் முழிக்க முடியாது. அவர் பாரிஸுக்கு வந்து ஒரு கிழமைதான் நிற்பார், போகும் முன் முடிவு சொல்லவேண்டும் என்று அண்ணா சொல்லிவிட்டார்.

வரும்போது பாரிஸில் கிடைக்காத சாமான் ஏதும் வேண்டுமா என்று அவர் அண்ணையிடம் கேட்டுவிட்டிருந்தார். அண்ணி, பாரிஸில் இருந்துகொண்டே, வாசனைத் திரவியம் என்றாள். நான் மின்சுற்றில் பூட்டும் கிறிஸ்ரல், ஒரு சின்னப் பளிங்குத் துண்டு கேட்டேன். அமெரிக்கக் கசெற்றிலிருந்து நிறத்தைப் பிரித்தெடுக்கும் சிறு பெட்டி ஒன்றைக் கடைக்காகக் கட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு அந்த நாட்டு அலைவரிசையில் அதிரும் பளிங்கு தேவை. இங்கே தேடி அலுத்துவிட்டேன்.

அவர் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அண்ணி லா சப்பல் சீலைக்கடையிலிருந்து ஒரு பட்டுச்சீலை எடுத்து வந்தாள். பார்த்துவிட்டுக் காசு தருகிறோம் என்று சொல்லி எடுப்பது எங்கள் ஆட்களிடையே வழக்கம்தான். விலைத்துண்டை வெட்டாமல் உள்ளே மடித்துச் செருகிவிட்டாள். கலியாணம் சரிவந்தால் வாங்குவது, இல்லையென்றால் கிழமைக்குள் திருப்பிக் கொடுப்பது. அவள் அதை மறைக்கவும் இல்லை, நான் மறுக்கவும் இல்லை.

அவர் மெலிந்த மனிதர், விமான நிலையத்துச் சரக்கு அலுவலகத்தில் வேலை. என்னிடம் தந்த சின்னப் பெட்டிக்குள் பஞ்சில் சுற்றிய பளிங்கு இருந்தது. சரியான துண்டு. அண்ணா எங்களை ஹோலில் விட்டுவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார். என்ன பேசுவது என்று தெரியாமல் கசெற் ஒன்றை எடுத்துப் போட்டேன். குனிந்து வாலுக்கு ஓடவிட்டேன். பிறகு கரைக்காரரைப் பற்றிப் பேசத் தொடங்கினேன்.

அவர் கேட்டார். உண்மையாகவே கேட்டார். முந்தி இருந்த பெரிய கரைக்காரர்கள் எத்தனை தடவை ஆளை விழுத்தினார்கள் என்று அந்த நாளில் முறையான கணக்கே வைக்கவில்லை, கொஞ்ச வருடமாகத்தான் வைக்கிறார்கள் என்று சொன்னார். மறிப்பவரின் தலைக்கவசத்தில் கையால் அறைந்துவிட்டு ஓட முன்பு விட்டார்களாம், இப்போது அது தடை. அப்படியென்றால் பழையவர்களையும் புதியவர்களையும் ஒரே தராசில் வைக்க முடியாதே என்றேன். பார்த்தவர்கள் சொல்வதைத்தான் நம்பவேண்டும் என்றார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பார்த்தவள் நான்தானே. வெள்ளைச் சட்டைக்காரரையும் கறுப்புச் சட்டைக்காரரையும் விரல் மடித்து ஒன்று, இரண்டு என்று பிரித்து வைத்தேன். இருவரும் ஒருநாள் எதிரெதிரே விளையாடினால் பார்க்க ஆசை என்றுகூடச் சொன்னேன்.

அவர் கொஞ்சம் பொறுத்து, “ஓம், நல்லாக் கவனிச்சிருக்கிறியள்” என்றார். அவ்வளவுதான்.

இரண்டு நாளில் பளிங்கைப் பூட்டி முடித்தேன். பட்டறை விட்டதும் பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோய், தொலைக்காட்சியின் பின் சொக்கெற்றில் செருகினேன். கடை நிறைய ஆட்கள். புல் பச்சையாக வந்தது. ஒருவர் கைதட்டினார். வெள்ளைச் சட்டைக்காரர் வந்தார், தலையில் செம்மஞ்சள் கவசம். எல்லோரும் கறுப்பைப் போடு, கறுப்பைப் போடு என்றார்கள். மற்றக் கசெற்றைப் போட்டேன். கறுப்புச் சட்டை செம்மஞ்சளாக வந்தது. கவசமும் அதே செம்மஞ்சள். அதே இலக்கம். அவர் கவசத்தைக் கழற்றி முகத்தைத் துடைத்தபோது, முதல் கசெற்றில் துள்ளிய அதே முகம், தாடையில் கொஞ்சம் நரையோடு.

கடைக்கார அண்ணைதான் சொன்னார்.

“பிள்ளை, இது ஒராள்தானே. சொந்த ஊரிலை விளையாட ஒரு சட்டை, வெளியூருக்குப் போனா வேறை சட்டை.”

“அப்ப இவ்வளவு நாளும் ஒருத்தனை ரெண்டாக்கிச் சண்டை பிடிச்சிருக்கிறம்” என்றார் ஒருவர். இன்னொருவர், “மாப்பிள்ளையையும் வடிவாப் பாத்தனீங்களோ, தங்கச்சி? அவரும் ரெண்டு பேரோ தெரியாது” என்றார். கடை சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் என் காது சுட்டது. கறுப்பு வெள்ளைத் திரையில் நிறம் தொலையும் என்பது என் படிப்பின் முதல் பாடம். தொலைந்ததன் மேல் ஒரு தீர்ப்பைக் கட்டி, அதை ஒரு மனிதர் முன்னால் பட்டுச்சீலை கட்டிக்கொண்டு வாசித்திருக்கிறேன். அவருக்கு அது தெரிந்தே இருந்திருக்கும். அவர் பதிந்த கசெற்.

வெட்கத்தோடு சேர்ந்து ஒரு பயமும் வந்தது. என்னைப் பிழையிலேயே விட்டுவிட்டுத் தலையாட்டுகிற ஆளென்றால், பலகாரம் எடுத்தவரை விட இவர் எப்படி மேல்? வீட்டில் அண்ணா அடுத்த நாளுக்குள் பதில் கேட்டிருந்தார். சிரிப்பு அடங்கி ஆட்கள் வேலைக்குப் போன பிறகு, கடை போனை எடுத்தேன். அவர் புறநகரில், ஸ்தேனில், கடைக்கார அண்ணை வீட்டில் தங்கியிருந்தார். பெண் வீட்டார் இப்படிக் கூப்பிடுவதில்லை. கடைக்கார அண்ணை பார்த்தும் பார்க்காதது போல வெளியே போய் நின்றார்.

பளிங்கு வேலை செய்கிறது என்றேன். நல்லது என்றார். கண்டுவிட்டீர்களா என்று அவர் கேட்கவில்லை.

“நீங்கள் சொல்லியிருக்கலாம்” என்றேன்.

“விரல் மடிச்சுச் சொல்லிக்கொண்டு இருந்தனீங்கள். இடையிலை வெட்ட மனம் வரேல்லை. பளிங்கைப் பூட்டினா நீங்களாவே காண்பியள் எண்டு விட்டன்.”

“நான் தனியக் காணேல்லை. கடை நிறைய ஆக்கள்.”

“அதை நான் யோசிக்கேல்லை. என்ரை பிழை” என்றார். நான் சொன்ன வித்தியாசங்கள் எல்லாம் சரிதான் என்றும் சொன்னார். இடையில் சில வருடம் போய்விட்டது. பக்கம் மாறி, வயது வந்து, ஆள் பொறுமை படித்துவிட்டார். அது ஆறுதலுக்குச் சொன்னதா, உண்மையா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அதுதான் என் சிக்கலும்.

“பட்டறையிலை நான் பிழை விட்டா அந்த இடத்திலையே சொல்லுவினம். எனக்கு அதுதான் பழக்கம்” என்றேன். “வேறை ஏதும் சொல்லாமல் விட்டிருந்தா இப்ப சொல்லுங்கோ.”

“சீலை” என்றார்.

“சீலைக்கு என்ன?”

“கசெற் போடக் குனிஞ்சனீர். முதுகுப் பக்கம் விலைத்துண்டு வெளியிலை வந்து தொங்கினது. அண்ணைக்கும் சொல்லேல்லை, ஒருத்தருக்கும் சொல்லேல்லை.” பிறகு, “கேட்டீர், அதாலை சொல்லுறன்” என்றார்.

அதுவரை ‘நீங்கள்’ என்றவர் நெருக்கமாக ‘நீர்’ என்றதைக்கூட நான் பிறகுதான் கவனித்தேன். அந்த நேரம் கண்ணை மூடிக்கொண்டேன். கடையில் யாரும் இல்லை, ஆனாலும் மூடிக்கொண்டேன். கரைக்காரர் விஷயத்தில் என் அறிவுதான் கேலிக்கு ஆளானது. இதில் எங்கள் வீடே தொங்கியிருக்கிறது: அண்ணியின் கணக்கு, அண்ணாவின் அவசரம், பிடித்தால் எடுப்போம் என்ற நினைப்பு. பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம் என்று நாங்கள் வைத்திருந்தது சீலையை மட்டும் அல்ல, அவரையும்தான். அவர் அதைக் கண்டபடியே இருந்து, கரைக்காரரைப் பற்றி என்னோடு நியாயம் பேசியிருக்கிறார்.

“வேறை?” என்றேன்.

“இப்போதைக்கு இல்லை. இருந்தா உடனை சொல்லுறன்.”

வீட்டுக்குப் போனபோது அண்ணி சீலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் பதில் எப்படியென்றாலும் கையில் தயாராக இருக்கட்டும் என்று. அண்ணா கதிரையில் இருந்தபடி என் முகத்தைப் பார்த்தார். நான் கேள்விக்குக் காத்திருக்கவில்லை. பையிலிருந்து சீலையை எடுத்து விரித்து, விலைத்துண்டைத் தேடிப் பிடித்தேன். பட்டறையில் வயர் வெட்டும் குறடு என் கைப்பையில் எப்போதும் கிடக்கும்.

“வெட்டினா திருப்பி எடுக்கமாட்டினம், தெரியுமெல்லோ” என்றாள் அண்ணி.

தெரியும் என்றேன். நூலை வெட்டும்போதும் என் முகம் சுட்டுக்கொண்டுதான் இருந்தது.