கடலில் போடாத பொட்டலம்

நவமணி அக்காவின் மகள் டாக்டர் படிப்பை விட்டுவிட்டாள் என்று எனக்குச் சொன்னது குணவதி. குணவதிக்குச் சொன்னது அவருடைய அக்கா மகன். கோலாலம்பூரில் வாடகைக் கார் ஓட்டும் அவன், ஒரு பேரங்காடியில் கைப்பேசி உறை விற்கும் கடையில் அந்தப் பெண்ணைப் பார்த்தானாம். இவனைக் கண்டதும் அவள் திரைக்குப் பின்னால் போய்விட்டாளாம்.

டத்தோ கெராமாட் சாலையில், கிளினிக்கை ஒட்டிய அஞ்சடி நடைபாதையில் குணவதி வடையும் கறிபாப்பும் விற்கிறார். அன்று எண்ணெய்ச் சட்டிமேல் குனிந்தபடியே பேசினார்.

"டாக்டர் பொண்ணு போன் கவர் விக்கிறாளாம், தங்கச்சி. எவன்கூடவோ ஓடிட்டான்னும் பேசிக்கிறாங்க. நமக்கு எதுக்கு லா. சட்னி வைக்கவா?"

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், மருந்து கொடுக்கும் முகப்பில், நவமணி அக்கா ஒரு சீனப் பெரியவருக்கு எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று மலாயில் சொல்லிக்கொண்டிருந்தார். வழக்கம்போல நெற்றியில் திருநீற்றுக் கீற்று, காதோரம் செருகிய பேனா. வதந்தி அவர் காதுக்கு எட்டியிருக்கிறதா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

கணவரின் வேலையை ஒட்டிக் கோயம்புத்தூரிலிருந்து பினாங்கு வந்த நாளிலிருந்து எனக்கு அந்தக் கிளினிக் பழக்கம். என் மகளுக்கு மூச்சிரைப்பு. வரிசையில் காத்திருக்கும் நேரங்களில் நவமணி அக்கா தன் கதையைத் துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறார்.

அவர் பிறந்தது நிபோங் திபால் பக்கம், பைராம் தோட்டத்தில். அப்பா செம்பனைக் குலை வெட்டியவர். பள்ளி முடித்த கையோடு டாக்டர் ஏரம்பமூர்த்தியின் கிளினிக்கில் தரை துடைக்க வந்தார். பிறகு நோயாளிகளின் பெயரைக் கூப்பிட்டார், பிறகு மருந்தும் எடுத்துக் கொடுத்தார். பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை பார்த்த வேலுவைக் கட்டிக்கொண்டு பாகான் டாலாமில் குடியேறிய பின்னும் தினமும் ஃபெர்ரியில் கடல் தாண்டி வந்து போனார்.

மகள் சுபாஷினி ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போது ஒரு நாள் வேலு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மருத்துவமனை நடையில் அவரைக் கட்டிலோடு நிறுத்தியிருந்தார்கள். வெள்ளைக் கோட்டுகள் பக்கத்தில் வந்து வந்து போயின. பாதி ஆயுளை ஒரு டாக்டருக்குப் பக்கத்திலேயே கழித்த நவமணி அக்காவுக்கு, அன்று ஒரு டாக்டரை நிறுத்தி, இவருக்கு என்ன ஆச்சு என்று கேட்க வாய் வரவில்லை. சாயங்காலத்துக்குள் வேலு போய்விட்டார்.

"நம்ம வீட்ல ஒன்னு உள்ள இருந்தா கேக்கலாம்ல, தங்கச்சி," என்றார் என்னிடம். அதில் கோபம் இல்லை.

அந்த வாரத்திலிருந்து மகளுக்குப் பெயர் மாறியது. டாக்டர், சோறு ஆறுது. டாக்டர், கொடியில துணிய எடு. பக்கத்து வீட்டார் கூப்பிட்டார்கள், பள்ளி ஆசிரியர்கள் கூப்பிட்டார்கள், ஃபெர்ரியில் பழகியவர்கள் கூப்பிட்டார்கள். சுபாஷினியும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

இடைநிலைப் பள்ளித் தேர்வில் அவள் எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கியபோது இரண்டு கதவுகள் ஒன்றாகத் திறந்தன. ஒன்று, ஒரு தொழிற்சாலை நடத்தும் அறக்கட்டளையின் முழு உபகாரச் சம்பளம். ஜப்பானில் பொறியியல் படிக்கலாம். விமானச் சீட்டு முதல் சாப்பாடு வரை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மற்றது, கோலாலம்பூர் பக்கத்துத் தனியார் கல்லூரி. ஓராண்டு அடிப்படைப் படிப்பு, அதை முடித்தால் மருத்துவத்தில் இடம் நிச்சயம் என்று எழுத்தில் தந்தார்கள். அரசாங்கக் கல்லூரியில் மருத்துவ இடம் கிடைக்கும் என்று யாரும் கையடித்துச் சொல்ல முடியாது. இங்கே சொன்னார்கள். அதற்கு விலை, வேலு விட்டுப்போன பாகான் டாலாம் வீடு.

சுபாஷினியைக் கேட்டால், எனக்கு ரெண்டும் ஓகேதான்மா என்பாள். ஆனால் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே அவள் கைப்பேசியைப் பார்த்து ஜப்பானிய எழுத்துகளைப் பழகத் தொடங்கியிருந்தாள். சமையலறையில் மிளகாய்த்தூள், சீரகம், உப்பு என்று ஒவ்வொரு டின்னிலும் அந்த எழுத்தில் துண்டுத்தாள் ஒட்டியிருந்தாள். எதுக்குடி இது என்று அம்மா கேட்டபோது, சும்மா லா என்றாள்.

டாக்டர் ஏரம்பமூர்த்தி யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருடைய பிள்ளைகள் எல்லாரும் டாக்டர்கள். செய்தி கேட்டு ஒரு நாள் முகப்புக்கே எழுந்து வந்தார்.

"சும்மா கிடைக்கிறதை விட்டுப்போட்டு ஏன் வீட்டை விக்கப் போறீர், நவமணி? இப்ப டாக்டர்மார் படுற பாடு உமக்குத் தெரியாதே?"

"உங்க வீட்ல எல்லாரும் டாக்டர். எங்க வீட்ல ஒன்னு ஆனா மட்டும் ஆகாதா, டாக்டர்?"

அத்தனை ஆண்டுகளில் அவர் முதலாளியை எதிர்த்துப் பேசியது அந்த ஒரு முறைதான். ஏரம்பமூர்த்தி அறைக்குத் திரும்பிப் போனார்.

நவமணி அக்காவின் மனத்தை மாற்றியது அவரல்ல. அப்போது மாலை வேளைகளில் ரொஸ்னா என்ற இளம் டாக்டர் கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்தாள். பயிற்சியை முடித்துவிட்டு, அரசாங்க ஒப்பந்தம் நீளுமா நிற்குமா என்று தெரியாமல், கிடைத்த இடத்திலெல்லாம் வேலை பார்த்தாள். ஒரு மாலை அடுத்த நோயாளியை அனுப்பலாமா என்று கதவைத் தள்ளியபோது, அவள் மேசையில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. எழுப்பப் போன நவமணி அக்கா எழுப்பவில்லை. அந்தக் கன்னம் சுபாஷினியுடையது போல இருந்தது என்றார். அன்று ஃபெர்ரியில் போகும்போதே, பிள்ளை ஜப்பானுக்குப் போகட்டும் என்று உள்ளுக்குள் முடிவாகிவிட்டது.

ஆனால் அதை வாயால் சொல்ல முடியவில்லை. இத்தனை வருடம் ஊரே கேட்கக் கூப்பிட்ட பெயரை எப்படித் திரும்பப் பெறுவது? உன்னால் முடியாது என்று அம்மா நினைத்துவிட்டதாக மகள் எண்ணிக்கொண்டால்? சொல்கிற பொறுப்பை அம்மனிடம் விட்டார். பொட்டலம் போட்டுப் பார்ப்பது என்றானது. ஒன்றில் திருநீறு, ஒன்றில் குங்குமம். திருநீறு வந்தால் ஜப்பான், குங்குமம் வந்தால் டாக்டர்.

மருந்துத் தாளை மடித்து மடித்துப் பழகிய கை தன் கை. தானே மடித்தால் எது எதுவென்று விரலுக்குத் தெரிந்துவிடும், அது அம்மனை ஏமாற்றுவதாகும் என்று நினைத்தார். அதனால் மகளை மடிக்கச் சொன்னார். சுபாஷினி அறைக்குள் போய் மடித்து எடுத்து வந்தாள். வீட்டுக்குப் பக்கத்து அம்மன் கோயிலில் பூசாரி இரண்டையும் அம்மன் காலடியில் வைத்துத் தீபம் காட்டினார். நவமணி அக்கா கண்ணை மூடித் திருநீறு, திருநீறு என்று வேண்டிக்கொண்டே ஒன்றை எடுத்தார். குங்குமம் வந்தது.

"இப்ப சந்தோசமாம்மா?" என்று கேட்டாளாம் சுபாஷினி. அம்மாவும் சிரித்தாராம்.

வராத பொட்டலத்தைத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். சில நாள் கழித்து, நான் போட்டுடறேன், குடும்மா என்று மகள் கை நீட்டினாள். அதை எப்போதோ ஃபெர்ரியிலிருந்து கடலில் போட்டாச்சு என்று நவமணி அக்கா பொய் சொன்னார். போட மனம் வரவில்லை. அதற்குள்தான் அவர் கேட்டது இருந்தது. வீடு விற்று, ஆயர் ஈத்தாமில் வாடகை அடுக்குமாடிக்கு மாறியபோது, ஜப்பானிய எழுத்து ஒட்டிய டின்களோடு அந்தப் பொட்டலமும் வந்தது. சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது.

இவ்வளவும் நான் அறிந்தது பல நாட்களில். கடைசித் துண்டைக் கேட்டது, குணவதி வதந்தி சொன்ன அன்று.

வடைப் பொட்டலத்தோடு உள்ளே போனேன். சீனப் பெரியவர் கிளம்பியிருந்தார். வேறு யாரும் இல்லை. என் முகத்தைப் பார்த்ததுமே நவமணி அக்கா கேட்டுவிட்டார்.

"குணவதி சொல்லிட்டாளா? போன் கவர் வரைக்கும் நெசம், தங்கச்சி. ஓடினது பொய்."

போன வாரம் அவருக்கும் அந்தப் பேச்சு எட்டியிருந்தது. கல்லூரிக்குப் போன் போட்டிருக்கிறார். சுபாஷினி இரண்டாம் ஆண்டுத் தேர்வில் தவறி, திரும்ப எழுதியும் தவறி, வெளியேறிப் பல மாதம் ஆகிறது என்றார்கள். அந்த மாதங்களிலெல்லாம், படிச்சிக்கிட்டு இருக்கேன்மா, அப்பறம் பேசறேன் என்று அவளிடமிருந்து குறுஞ்செய்தி மட்டும் வந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு உண்மை தெரிந்துவிட்டது என்று அவள் அறிந்த பிறகு அதுவும் இல்லை.

"சீட்டுக்குத்தான் கேரண்டி கொடுத்தாங்க," என்றார். "பிள்ளைக்கு யாரு கொடுப்பா?"

அப்புறம் இழுப்பறையிலிருந்து ஒரு கசங்கிய பொட்டலத்தை எடுத்து முகப்பில் வைத்தார். நேற்று மகளை எப்படியும் பேச வைத்துவிட வேண்டும் என்று, கூப்பிடுவதற்கு முன் சாமி கும்பிட்டிருக்கிறார். தான் வேண்டிய திருநீற்றை ஒரு தடவையாவது பூசிக்கொள்ளலாம் என்று படத்துக்குப் பின்னால் கையை விட்டு எடுத்துப் பிரித்திருக்கிறார்.

மடிப்பை எனக்காக இன்னொரு முறை பிரித்தார். உள்ளே குங்குமம்.

எனக்கு உடனே பிடிபடவில்லை. பிடிபட்டபோது என் வீட்டு நினைவு வந்தது. என் மகளும் இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும், உனக்கு எது ஓகேவோ அது என்கிறாள்.

"ரெண்டுலயும் இதத்தான் வச்சிருக்கா," என்றார் நவமணி அக்கா. "எனக்காக வச்சிருக்கா. நான் அங்க நின்னு அவளுக்காகக் கெஞ்சிக்கிட்டு இருக்கேன்."

வேலு போன பிறகு குங்குமத்தைத் தொடாத விரல். நுனியில் சிவப்பு ஒட்டியிருந்தது. அதை அவர் துடைக்கவில்லை. நான் கோலாலம்பூருக்குக் கூட வருகிறேன் என்றேன். தலையாட்டினார். ஆனால் முதலில் அவள் எடுக்கட்டும், கடையில் நாலு பேர் முன்னால் போய் நின்று பிள்ளையைக் கூனிக் குறுக வைக்க மாட்டேன் என்றார்.

"திட்டறதுக்கு இல்ல. அம்மா திருநீறுதான் கேட்டேன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

எழுதி அனுப்பலாமே என்றேன். அதை எழுத்தில் படித்தால் பிள்ளை தனியாக உட்கார்ந்து அழும், வாயால்தான் சொல்ல வேண்டும் என்றார்.

கைப்பேசியை எடுத்து அழைத்தார். சத்தத்தை வெளியே விட்டு, முகப்பில் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தார். திரையில் 'டாக்டர்' என்று பெயர் ஒளிர்ந்தது. மணி போய்க்கொண்டிருந்தது. உள்ளே ஏரம்பமூர்த்தி அடுத்த ஆளை அனுப்பச் சொல்லி மணியை அழுத்தினார். அனுப்ப ஆள் இல்லை. அழைப்பு ஓய்ந்தது. நவமணி அக்கா சிவந்த விரலாலேயே மறுபடி அழுத்தினார். மறுபடி மணி போகத் தொடங்கியது.