ஐந்தாம் எண்ணின் பதில்

நம்புகிறவர்கள் நம்பட்டும். நான் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறேன். பேய் ராத்திரியில்தான் வரும் என்று நானும் நினைத்திருந்தேன். இது நடந்தது பட்டப்பகலில். போன ஐப்பசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் கார் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார் செய்கிற ஒரு சின்ன கம்பெனி. நான் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. சோதனைக்காக நான்கு கார் கதவுகளை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். நான்கையும் 'லின்' என்ற ஒற்றைக் கம்பி இணைக்கும். ஒவ்வொரு மோட்டாருக்கும் ஓர் எண் கொடுத்து லேப்டாப்பில் பதிவதுதான் என் வேலை. லேப்டாப் ஓர் எண்ணைக் கூப்பிட்டால் அந்த மோட்டார் மட்டும் பதில் சொல்லும். கூப்பிடாமல் எதுவும் பேசாது.

மறுநாள் சரக்கு போக வேண்டும். அதனால் தனியாக உட்கார்ந்திருந்தேன். மணி 2.50. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... எல்லாம் பதில் சொல்லின.

பிறகு ஐந்து சொன்னது.

நான் ஐந்தைக் கூப்பிடவே இல்லை. ஐந்தாவது கதவே அங்கே கிடையாது. திரையில் ஒரே வரி. 'ஐந்து: கண்ணாடியில் தடை.' ஏதோ சிக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

நான்கு கதவுகளின் ஒயரையும் பிடுங்கினேன். மோட்டாருக்குப் போகும் கரண்டையும் நிறுத்தினேன்.

ஐந்து: தடை. ஐந்து: தடை...

மேனேஜர் ராஜ்கமலுக்குப் போன் செய்தேன்.

"சார், அஞ்சாம் நம்பர்லருந்து பதில் வருது."

"எதையும் தொடாத. வந்துட்டேன்."

3.20க்கு வந்தார். கூடவே டெக்னீஷியன் அருள்முருகன். ராஜ்கமலின் சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. "எவனோ விளையாடறான்" என்றபடி, முதல் கதவின் ஜன்னலுக்குள் கையை விட்டு ஒயரைத் தேடினார்.

க்ர்ர்ர்...

கண்ணாடி ஏறியது.

கரண்ட் இல்லை. ஒயர் இல்லை. ஏறியது.

கை தட்டுப்பட்டால் தானாக இறங்க வேண்டும். இறங்கவில்லை. மெதுவாக... மெதுவாக...

மடக்.

"துர்கா! உட்டுடு துர்கா!" ராஜ்கமல் அலறினார்.

என் பெயர் கவிநிலா.

ஸ்பேனரால் கண்ணாடியை உடைத்தேன். மணி 3.31. அருள்முருகன் சுவரோடு ஒட்டி நின்றார். உதவிக்கு வரவே இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரைக் கேட்டேன்.

"துர்கா யாருண்ணே?"

"உனக்கு முன்னாடி அந்த வேலய பாத்த பொண்ணு. கை பட்டா கண்ணாடி இறங்குற செட்டிங்கால வேல இழுக்குதுன்னு, சார் அத எடுத்துடச் சொன்னாரு. வேணாம்னு துர்கா சண்ட போட்டுச்சு. அதுக்குத் தெரியாம எடுத்துட்டோம். அஞ்சாவது கதவுல தலய உட்டு பாத்துச்சு... தப்பு அது மேலதான்னு எழுதிக் குடுத்துட்டோம்மா."

"செட்டிங்க எடுத்தது யாரு?"

"நாந்தான்."

அன்றைக்கே அருள்முருகன் வேலையை விட்டுவிட்டார்.

புதன்கிழமை காலை 11.15. கடலூர் ரோட்டோரம் நின்ற ஒரு காரில் அவரைக் கண்டெடுத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே தலை. கழுத்தில் கண்ணாடி. நான்கு கதவும் உள்பக்கம் பூட்டியிருந்தன. காரில் வேறு யாரும் இல்லை.

அது அவர் மாமனாரின் பழைய கார். அதில் மோட்டாரே கிடையாது.

கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் ஏற்ற வேண்டும்.