கல்யாணத்துக்குப் போவதாகச் சொல்லி, கோச்சடையிலிருந்து காப்பகம் வரை

திருப்பரங்குன்றத்துக்கு எப்படிப் போவது என்று எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மலை, கோயில், தரிசன நேரம் எல்லாவற்றையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நான் எழுதப்போவது, அடி வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை வீட்டிலிருந்து கிளப்பி அங்கிருந்த அரசுக் காப்பகத்தில் சேர்த்த பயணம். எண்பதுகளின் தொடக்கம், வைகாசி மாதம், ஒரு திங்கட்கிழமை. போன வாரம் ஒரு வாசகி, "தோழியைக் கூட்டிக்கொண்டு வெளியேற வேண்டும், எப்படித் திட்டமிடுவது?" என்று கேட்டிருந்தார். அவருக்காகத்தான் இது.

அப்போது நான் தபால் அலுவலகத்தில் எழுத்தர். கோச்சடையில் ஒரே வாசலுக்குள் ஆறு குடித்தனம் இருந்த வளவில் குடியிருந்தேன். அடுத்த வீட்டில் பேச்சியம்மாள், இருபத்தாறு வயது, பிள்ளை இல்லை. புருஷனுக்குக் கப்பலூரில் லேத் பட்டறை வேலை. அவன் அடிப்பது வளவு முழுக்கக் கேட்கும். கேட்டதும் எல்லோரும் ரேடியோவைச் சத்தமாக வைப்பார்கள். அந்த 'எல்லோரும்' என்பதில் நானும் ஒரு வருடம் இருந்தேன், ஒளிப்பானேன். போலீஸ் 'குடும்பத் தகராறு' என்று எழுதி இருவரையும் சேர்த்தே வீட்டுக்கு அனுப்பியது. அந்த மாதம் அவன் கழுத்தை நெரித்தான். "அடுத்த தடவ விட மாட்டேன்னு சொல்லிட்டாருக்கா," என்றாள் பேச்சியம்மாள்.

முன்பெல்லாம் ஒரு தபால் கார்டு போட்டால் காப்பகத்து ஜீப்பே வந்து கூட்டிப்போகும். நானும் கார்டு போட்டேன். என் அலுவலக முகவரிக்குப் பதில் வந்தது: சிக்கன நடவடிக்கையின்படி வாகனம் திரும்பப் பெறப்பட்டது, விண்ணப்பதாரர் நேரில் வரவும். விண்ணப்பதாரராம். ரேஷன் கார்டுக்கா விண்ணப்பித்தோம்?

நேரில் வருவதில்தான் சிக்கல். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அவள் கொழுந்தனின் சைக்கிள் கடை. பையோடு நின்றால் அடுத்த பஸ்ஸிலேயே கப்பலூருக்குச் செய்தி போய்விடும். வழி கண்டுபிடித்தது பேச்சியம்மாள்தான். "முகூர்த்த நாள்ல போவம்க்கா. பட்டுச் சேலை கட்டிட்டுப் போற பொம்பளைய எவன் கேக்கப்போறான்?"

என் அரக்குப் பட்டை உடுத்திக்கொண்டாள். தன் இரண்டு சேலைகளையும் ஒரு எவர்சில்வர் குடத்துக்குள் திணித்து, வாயை ஜிகினாத் தாளால் கட்டி, கல்யாணப் பரிசுபோல் இடுப்பில் வைத்துக்கொண்டாள். காலை 8.10 பஸ். கொழுந்தன் நிமிர்ந்து பார்த்தான். "யாரு கல்யாணம் மதினி?" "அக்கா ஆபீஸ்ல வேலை பாக்குறவுக வீட்டுக் கல்யாணம். போயிட்டு வாரேன்," என்றாள், குரல் பிசகாமல். நான் அவன் பக்கம் திரும்பாமல் பஸ்ஸில் ஏறினேன்.

பெரியார் பஸ் நிலையம் ஐந்து கிலோமீட்டர், ஐம்பது பைசா. 8.55-க்கு அடுத்த பஸ், அறுபது பைசா. பஸ் நிறையப் பட்டும் மல்லிகையும். 9.25-க்குத் திருப்பரங்குன்றத்தில் இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் நடந்தோம். 9.50-க்குக் காப்பகத்தின் கேட் முன்னால் நின்றோம். பூட்டியிருந்தது.

வாட்ச்மேன் ஒருவர் மட்டும் இருந்தார். "முந்தி மூணு அதிகாரி அம்மா இருந்தாகம்மா. ரெண்டு பேரைக் கொறச்சுப்புட்டாக. இருக்குற ஒரு அம்மாவுக்கு ரெண்டு காப்பகம். இங்க திங்களும் வியாழனும் வருவாக. அவுக கையெழுத்து இல்லாம உள்ள விடக்கூடாது."

"இன்னைக்குத் திங்கள்தானே அண்ணே?"

"முகூர்த்தம்ல? கல்யாணத்துக்குப் போயிருக்காக."

எங்கள் சாமர்த்தியம் எங்களையே கவிழ்த்துவிட்டது. ஊரே கல்யாணத்துக்குப் போகும் நாளைப் பார்த்துக் கிளம்பிய எங்களுக்கு, அந்த அம்மாவும் அந்த ஊரில்தான் சேர்த்தி என்று தோன்றவில்லை. புருஷன் மூன்றரைக்கு வீடு திரும்புவான். அதற்குள் கையெழுத்து கிடைக்காவிட்டால் அவள் எங்கே போவாள்? எந்த மண்டபம் என்று வாட்ச்மேனுக்குத் தெரியவில்லை. "கோயில் பக்கம்" என்றார்.

திரும்ப நடந்தோம். முதல் மண்டபத்தில் சந்தனம் கொடுத்து, மாப்பிள்ளை வீடா, பெண் வீடா என்று கேட்டார்கள். இரண்டாவதில் பந்தியில் உட்காரவைக்கப் பார்த்தார்கள். மூன்றாவதில், 11.40-க்கு, விசாரித்ததும் ஒருவர் கைகாட்டிய இடத்தில், இலையில் ரசம் வாங்கிக்கொண்டிருந்தார் அந்த அதிகாரி அம்மா. விஷயத்தைச் சொன்னேன். "வியாழக்கிழமை வாங்களேன்," என்றார் களைப்பாக.

பேச்சியம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கழுத்தில் சுற்றியிருந்த முந்தானையை விலக்கினாள். "இன்னைக்குத் திரும்பிப் போனா வியாழக்கெழம நான் இருக்க மாட்டேம்மா. நான் இங்கிட்டே உக்காந்துக்கிறேன். நீங்க சாப்பிட்டு வாங்க." பந்தி வரிசைக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த அம்மா அவள் கழுத்திலிருந்த விரல் தடங்களைப் பார்த்தார். இலையை மூடினார்.

ரிக்‌ஷாவுக்கு இரண்டு ரூபாய், அவரே கொடுத்தார். கெட்டவர் இல்லை, ஆள் பற்றாத இடத்தில் மாட்டிக்கொண்டவர். வழியில் சொன்னார்: "ஜீப் நின்னதுல இருந்து சேர்றவங்க பாதியாக் கொறஞ்சுட்டாங்க. ரிஜிஸ்டரைப் பாத்துட்டு, காப்பகம் தேவையே இல்லைன்னு மேலிடத்துல எழுதிட்டாங்க. அடுத்த வருஷம் மூடிடுவாங்கபோல."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. வழியை அடைத்துவிட்டு யாரும் வரவில்லை என்று எழுதுகிறார்கள். "பூட்டின கேட்டைப் பாத்துட்டுத் திரும்புனவங்க அந்த ரிஜிஸ்டர்ல உண்டா?" என்றேன். அதற்கு ரிஜிஸ்டரில் கட்டமே இல்லை என்றார்.

1.05-க்குக் கையெழுத்தாகி, பேச்சியம்மாள் உள்ளே போனாள். நான் முக்குக் கடையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிவந்து அதிகாரி அம்மாவிடம் நீட்டினேன். கேட்டிலிருந்து திரும்புகிறவர்களின் பெயரை வாட்ச்மேன் எழுதிவைக்கட்டும் என்றேன். அவர் தயங்கி, பிறகு சரி என்றார். அந்த நோட்டு மேலிடம் வரை போனது. ஜீப் திரும்ப வரவே இல்லை. ஆனால் மூடும் பேச்சு அடங்கி, தினமும் கையெழுத்துப் போட ஒருவரை வைத்தார்கள். அதற்கே ஒரு வருடமும் எத்தனையோ மனுக்களும் ஆயின.

இனி உங்கள் பயணத்துக்கு. பஸ் தடமும் கட்டணமும் மாறிவிட்டன, என் கணக்கை நம்பாதீர்கள். போகும் இடத்தில் அன்று பொறுப்பாளர் இருக்கிறாரா என்று முதல் நாளே விசாரியுங்கள். நாங்கள் கோட்டை விட்டது அதில்தான். பதில் கடிதம் வீட்டு முகவரிக்கு வரவேண்டாம். இடமில்லை, ஆளில்லை என்றால், பெயரை எழுதவைக்காமல் கேட்டை விட்டு நகராதீர்கள். எழுதாத பெண்ணை 'வராதவள்' என்றுதான் அரசாங்கம் எண்ணும்.

வாட்ச்மேனுக்கு எழுத்து வராது என்பது அன்று நோட்டைக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. பேச்சியம்மாள் ஐந்தாவது வரை படித்தவள். கம்பிக்கு உள்ளேயிருந்து நோட்டை வாங்கிக்கொண்டு, "இதுக்கு முந்தி திரும்பிப் போனது ஆருண்ணே?" என்று கேட்டாள். வாட்ச்மேன் சொன்னார்: "போன புதன்கெழம ஒரு பிள்ள. பேரு நான் கேக்கலயே தாயி."

பெயருக்குப் பதிலாக அவர் சொன்ன அடையாளங்களை அவள் எழுதினாள். முதல் பக்கம், முதல் வரி: பச்சைச் சேலை, இடது கையில் கட்டு, நாலு மணி வரை இருந்தாள், வந்த வழியே திரும்பிப் போனாள்.