பிடி அரிசிச் சோறு

என் வீட்டுக்காரர் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். நான் அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, அவரைக் கட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தவள். ஞானஸ்நானமும் எடுத்தேன். கல்யாணத்துக்காகத்தான் எடுத்தாள் என்று சபையில் ஒரு பேச்சு உண்டு. பொய் என்று சொல்ல முடியாது, முழு உண்மையும் இல்லை. நானும் இவர்களில் ஒருத்திதான் என்று காட்டுவதற்கு மூன்று வருஷமாகப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு முயன்றாலும் எனக்குப் பிடிபடாதவை இரண்டு. ஒன்று விருந்து. எங்கள் வீட்டுக்கு ஒரு ஆள் வருகிறார் என்றால் கோழி அடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் மானம் போய்விடும் என்று அப்பா கறிக்கடைக்கு ஓடுவார். இவர் வீட்டிலோ வாசலில் யார் தலை தெரிந்தாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும் என்பார்கள். ஆனால் தட்டில் விழுவது ரசமும் துவையலும்தான். விருந்தாளிக்குச் செய்வது ஆண்டவருக்கே செய்வது என்று வேறு சொல்வார்கள். ஆண்டவருக்கா வெறும் ரசம்? கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று கேட்கவில்லை.

இன்னொன்று பிடி அரிசி. ஒவ்வொரு தடவை உலை வைக்கும்போதும் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போட வேண்டும். மாதம் ஒருமுறை அதைக் கோயிலில், சர்ச்சை இவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பொன்னி பொங்கினால் அதில் ஒரு பிடி, இட்லிக்கு ஊறப்போட்டால் அதில் ஒரு பிடி, ரேஷன் அரிசி என்றால் அதிலும் ஒரு பிடி. அப்புறம் அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. சாமிக்கு எடுத்து வைத்ததைத் தொட்டால் சாமி கண்ணைக் குத்தும் என்று வளர்ந்தவள் நான். டப்பாவைக் கை எட்டாத மேல்தட்டில்தான் வைத்திருந்தேன்.

போன வருஷம் காய்ச்சலில் இரண்டு வாரம் கோயிலுக்குப் போகவில்லை. இரண்டாவது ஞாயிறு மதியம் பெண்கள் சங்கத் தலைவி டீச்சரம்மாவும், கூட ஒரு அக்காவும் வீட்டுக்கு வந்தார்கள். அந்த அக்கா கோயிலில் கடைசி வரிசையில் உட்காருவார், யாரோடும் அதிகம் பேச மாட்டார். உடம்பு விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும் என்று சொல்லிவிட்டார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை என்பது அந்த மகராசனுக்குத் தெரியாது.

மறுநாள்தான் அண்ணன் பஸ்ஸில் அரிசி மூட்டை ஏற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தார். நாங்கள் இருந்த மாவைத் தோசையாக ஊற்றி அப்போதுதான் முடித்திருந்தோம். ஞாயிறு மதியம் தெருமுனைக் கடையும் பூட்டியிருக்கும். ஜாடை காட்டி இவரை அடுப்படிக்குக் கூப்பிட்டால், இருக்கிறதைப் போடு, போதும் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்ன இருக்கிறது? மேலே பார்த்தேன். டப்பா இருந்தது.

ஆண்டவர் அரிசியை எடுத்து விருந்தாளிக்குப் போட்டால் பாவமா? விருந்தாளிக்குச் செய்வது ஆண்டவருக்கே செய்வது என்றால், அவர் அரிசியை அவருக்கே போடுவதில் என்ன தப்பு? அப்படியென்றால் டப்பா எதற்கு? வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பினால் சபையில் என்ன பேசுவார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. நாளைக்கு அண்ணன் அரிசி வந்ததும் திருப்பிப் போட்டுவிடுவோம், யாருக்குத் தெரியப்போகிறது என்று டப்பாவைக் கவிழ்த்தேன்.

மூன்று ரக அரிசியும் ஒரே உலையில் விழுந்தால் எப்படி வேகும்? பாதி குழைந்துவிட்டது, பாதி விறைத்துக்கொண்டு நின்றது. ரசம், பருப்புத் துவையல், ஆளுக்கு ஒரு முட்டை. டீச்சரம்மா ஜெபம் செய்துவிட்டு, ரசத்தைப் புகழ்ந்து இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டார். அந்த அக்கா முதல் வாயை மென்றதும் என்னை நிமிர்ந்து பார்த்தார். சோறு வேகவில்லை போல என்று கூசிப்போனேன்.

கை கழுவிவிட்டு வந்த டீச்சரம்மா ஒரு துணிப்பையை விரித்தார்.

"காய்ச்சல்ல நீ வர முடியலைல, அதான் நாங்களே வாங்கிட்டுப் போயிரலாம்னு வந்தோம். பிடி அரிசி டப்பாவ எடும்மா."

எலி தின்றுவிட்டது என்ற பொய் தொண்டை வரைக்கும் வந்தது. வாயிலிருந்து வந்தது வேறு.

"டீச்சர், அதத்தான் இப்ப நீங்க சாப்பிட்டீங்க."

டீச்சரம்மா வயிற்றில் கை வைத்துக்கொண்டார். காணிக்கை அரிசியாயிற்றே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சாப்பிடாமலே போயிருப்போமே, வெளியிலிருந்து வந்த பிள்ளைக்கு யாராவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டாமா என்று அடுக்கிக்கொண்டே போனார். என் வீட்டுக்காரர் ஃபேனைப் பார்த்தார். வெளியிலிருந்து வந்த பிள்ளை என்றது எனக்குச் சுருக்கென்று தைத்தது. மூன்று வருஷம் பட்ட பாடு ஒரு வேளைச் சோற்றில் போயே போய்விட்டது. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அப்போதுதான் அந்த அக்கா பேசினார்.

"விடுங்க டீச்சர். எனக்கு வர்ற அரிசிதான அது?"

டீச்சரம்மா சட்டென்று நிறுத்திவிட்டார். அது வெளியே சொல்லாத விஷயம் போலிருக்கிறது. அந்த அக்காவே சொன்னார். எங்கள் பகுதியில் பத்து வீட்டுப் பிடி அரிசி மாதாமாதம் அவருக்குத்தான் போகிறதாம். புருஷன் தவறியதிலிருந்து அதைத்தான் பொங்கிச் சாப்பிடுகிறாராம். முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிட்டாராம், குழைந்ததும் விறைத்ததுமாக இந்தச் சோறு என் வீட்டை விட்டால் வேறு யார் வீட்டில் வரும் என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பங்கை எடுத்து அவருக்கே பரிமாறி நல்ல பெயர் வாங்கப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு யாருக்கு யார் விருந்து வைத்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அண்ணன் அரிசி நாளைக்கு வந்துவிடும், டப்பா நிறைய அளந்து நானே வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"அளந்தெல்லாம் தர வேணாம்மா. ஒத்தையில உக்காந்து தின்னு தின்னு சலிச்சுப்போச்சு. பொங்கிட்டுக் கூப்பிடு, வாரேன்."