இத்ரீஸுக்காக ஒரு மன்றாட்டு

ஒரே ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒரு வாரம் முழுக்க என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அப்போது எனக்குப் பத்து வயது. செங்காங்கில் வீடு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ரயிலேறி லிட்டில் இந்தியாவில் இறங்கி, அங்கிருந்து நடந்து தேவாலயத்துத் தமிழ்ப் பூசைக்குப் போவோம். பூசை முடிந்தால் தேக்கா சந்தையில் பிராட்டா என்கிற பரோட்டா. அந்தப் பிராட்டாவுக்காகத்தான் நான் பக்தியாக இருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூசையின் நடுவில் மன்றாட்டுகள் வரும். ஒருவர் மைக்கின் முன் நின்று ஒவ்வொரு வேண்டுதலாக வாசிப்பார். ஒவ்வொன்றின் முடிவிலும் கோயில் முழுக்க, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று ஒரே குரலாகச் சொல்லும். மாதத்தில் ஒரு ஞாயிறு பிள்ளைகளின் முறை. அந்த மாதம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு மன்றாட்டு கிடைத்தது. வாசிக்க வேண்டியவள் நான். எழுதித் தருகிறேன் என்று சித்தப்பா முந்திக்கொண்டார். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

சித்தப்பா புக்கிட் பாத்தோக்கில் தனியாக இருந்தார். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த நேரத்தையெல்லாம் சேர்த்து, உலகத்தில் எந்த மூலையில் எந்த அரசியல் கைதியைத் தூக்கில் போடப்போகிறார்கள் என்று தேடித் தேடிப் படிப்பார். படித்துவிட்டு அந்தந்த நாட்டு அதிபர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவார். எந்த அதிபரும் பதில் போட்டதாக எனக்குத் தெரியாது. அப்பா இதற்காக அவரைக் கேலி செய்யாத ஞாயிறு கிடையாது.

அந்தச் சமயம் அவர் நெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் இத்ரீஸ். எங்கோ ஒரு நாட்டில் பள்ளிக்கூட ஆசிரியர். தன் அரசாங்கத்தைத் திட்டி எழுதினார் என்று பிடித்துக்கொண்டு போய், தேசத்துரோகம் என்று மரண தண்டனை கொடுத்துவிட்டார்கள். மேல்முறையீடும் தள்ளுபடியாகிவிட்டது. எந்த நாளிலும் தூக்கில் போட்டுவிடலாம் என்ற நிலை. சித்தப்பா எழுதித் தந்த மன்றாட்டு இதுதான்:

"தன் அரசைக் கேள்வி கேட்டு எழுதியதற்காகத் தூக்குத் தண்டனை பெற்றுச் சிறையில் இருக்கும் இத்ரீஸின் உயிர் காக்கப்படவும், அரசியல் காரணங்களுக்காக எந்த நாடும் எவரையும் கொல்லாதிருக்கவும் வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

என் தமிழ் வாசிப்பு அந்த நாளில் எழுத்துக்கூட்டும் ரகம். நான் பாதி வாக்கியம் தாண்டுவதற்குள் சாமியாரே உட்கார்ந்துவிடுவார். அதனால் அம்மா திங்கட்கிழமையே துணி மடித்துக்கொண்டே அதைச் சொல்லிச் சொல்லி எனக்குப் பாடமாக்கிவிட்டார். எங்கள் வயதுப் பிள்ளைகள் பலர் தமிழ் வாய்மொழித் தேர்விலும் பேச்சுப் போட்டியிலும் இப்படித்தான் கரையேறினோம். அர்த்தம் பிறகு வரும், வராமலும் போகும். வாக்கியம் மட்டும் வாயில் ஒட்டிக்கொள்ளும்.

செவ்வாய்க்கிழமை மன்றாட்டு அங்கிளிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. கோயிலில் வாசகங்களைப் பார்த்துச் சரிசெய்கிறவர் அவர். நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், எதையும் வெட்டாமல் விடவும் மாட்டார். கோயிலில் அரசியல் வேண்டாமே என்று 'அரசியல்' போயிற்று. அதோடு 'அரசை'யும் போயிற்று. மறுநாள், சின்னப் பிள்ளைகள் இருக்கிற பூசை, அவர்கள் காதில் 'தூக்கு' விழக்கூடாது என்றார். அதை வாசிக்கப்போவதே ஒரு சின்னப் பிள்ளைதான் என்பது யாருக்கும் தோன்றவில்லை. அதற்கடுத்து, இத்ரீஸ் நம் சபையைச் சேர்ந்தவர் இல்லையே என்று ஒரு சந்தேகம்.

"கழுத்துல கயிறு போடும்போது எந்த சபைன்னு கேட்டா போடுறாங்க?" என்று சித்தப்பா தொலைபேசியில் கத்தியது எனக்கும் கேட்டது.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் அம்மா என்னைக் கூப்பிட்டுப் புதிதாகச் சொல்லிக்கொடுத்தார். நானும் பழையதை மறக்கப் பார்த்தேன். மறப்பது என்ன சுவிட்சா, தட்டினால் அணைய? வியாழக்கிழமை அம்மாவுக்கே பொறுமை போய்விட்டது. "முதல்ல நீங்க எல்லாரும் முடிவு பண்ணுங்க. பிள்ள வாயில எத்தனையத்தான் திணிக்கிறது?" என்று அப்பாவைப் பார்த்துக் கரண்டியை நீட்டினார்.

வெள்ளிக்கிழமை சித்தப்பா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். சாப்பாட்டு மேசையில் அப்பாவுக்கும் அவருக்கும் நேருக்கு நேர் மூண்டுவிட்டது. அப்பாவுக்கு அரசாங்க வேலை. குரலை உயர்த்தவே மாட்டார். அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"இங்கயும் அந்த தண்டன இருக்குலா. நாம வெளிநாட்டப் பத்திச் சொன்னா, இங்க உள்ளதச் சொல்றோம்னு யாராச்சும் நெனச்சா? எதுக்கு வம்பு?"

"அவன் எழுதுனது தப்புன்னா அவங்க பதில் எழுதட்டும்ணே. கொல்றது ஒரு பதிலா? நாளைக்கே ஆட்சி மாறினா அவன் சொன்னதுதான் சரிம்பாங்க. அப்ப எந்திரிச்சு வருவானா அவன்?"

"சரிடா. பேர மட்டுமாச்சும் விட்டுரு."

"பேரத்தாண்ணே சொல்லணும். பேர் தெரியாத ஆளக் கொன்னா யாருக்கும் உறைக்காது."

அப்பா மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கோ இரண்டு பேர் மேலும் கோபம். பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைக்கக்கூடாதா என்றுதான் இருந்தது. சனிக்கிழமை இறுதி வடிவம் வந்தது. "துன்பத்தில் இருக்கும் அனைவருக்காகவும், சிறப்பாகத் தேர்வு எழுதவிருக்கும் மாணவர்களுக்காகவும்." ஒரு மனிதனின் உயிரில் ஆரம்பித்து, ஒரு வாரம் மூளையைக் கசக்கி, தொடக்கநிலை ஆறாம் வகுப்பு மாணவர்களின் பரீட்சையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். சித்தப்பாவுக்கு அதைக் காட்டியபோது அவர் படித்துவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாராம்.

ஞாயிறு வந்தது. மன்றாட்டு அங்கிள் சரிசெய்த தாளை என் கையில் கொடுத்தார். மேடையேறினேன். மைக் என் உயரத்துக்கு இறக்கப்பட்டது. தாளைப் பார்த்தேன். அவ்வளவு பேரின் முகங்களுக்கு முன்னால் ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. வாயைத் திறந்தேன். திங்கட்கிழமை துணி மடிக்கும்போது ஏறியது அப்படியே வந்தது. அரசு, தூக்கு, இத்ரீஸ், அரசியல், எதுவும் குறையவில்லை. உம்மை மன்றாடுகிறோம் என்று முடித்தும்விட்டேன்.

கோயில் முழுக்க ஒரே குரலாக, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. பழக்கம் அப்படி. மன்றாட்டு அங்கிளும் சொன்னார், அப்பாவும் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் இருவருக்கும் முகம் மாறியது.

பூசை முடிந்ததும் அங்கிள் எங்களை நோக்கி வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் போய் நின்றார். "பாடம் பண்ண வெச்சது நான்தான். என்னையே திட்டுங்க." அங்கிள் திட்டவில்லை. பிள்ளை கணீரென்று சொன்னாள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சித்தப்பா எழுந்திருக்காமல் பெஞ்சிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் எதையோ கெடுத்துவிட்டேன் என்று பயந்து, அன்றைக்குப் பிராட்டாவைக்கூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு. சித்தப்பா சவரம் செய்யாத முகத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பூசை தொடங்கும் முன், அன்றைய பூசை யார் யாருக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று மன்றாட்டு அங்கிள் மைக்கில் வாசித்தார். "ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று ஆரம்பித்துச் சில பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தவர், தயங்காமல், தடுமாறாமல், "இத்ரீஸ்" என்றார். யாரும் எந்த சபை என்று கேட்கவில்லை. யாருக்கும் எந்த வம்பும் தெரியவில்லை. அப்பாகூடத் தலையைக் குனிந்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவ்வளவு வெட்டிய மனிதரே கடைசியில் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டார். சித்தப்பாவின் விலாவில் இடித்து, "நாமதான் ஜெயிச்சிட்டோம், சித்தப்பா" என்றேன். அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார், பூசை முடியும்வரை விடவில்லை. அந்த நேரத்தில் வாசிக்கப்பட்ட பெயர்களுக்கு உரிய யாருமே உயிரோடு இல்லை என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.