சனிக்கிழமைப் பங்கு

ஆஸ்பத்திரி லிஃப்ட்காரருக்குச் சாசேஜ் பிடிக்காது. கல்யாணமான நாளிலிருந்தே பிடிக்காது. அதைத் தின்று தீர்ப்பதே இப்போது அவருடைய முக்கால்வாசி வேலையாகிவிட்டது.

அவர் மனைவி சாசேஜ் கம்பெனியில் கட்டு மேசையில் நின்றவள். குடல்தோலில் இறைச்சி அடைத்து வருவதை முறுக்கி, நூல் கட்டி, கம்பியில் கோத்துப் புகை அறைக்கு அனுப்புவது அந்த மேசைப் பெண்களின் வேலை. புகையில் வெடித்தது, கோணியது, அறுந்து விழுந்தது எதுவும் கடைக்குப் போகாது. சனிக்கிழமை வேலை முடிந்ததும் பெண்கள் அதைப் பங்கு போட்டு ஆளுக்கொரு பையில் எடுத்துப் போவார்கள். பையோடு அவள் வீட்டுக்குள் நுழைந்தால் புகையும் கூடவே நுழையும்.

“நீ வந்தாலே வீடு பத்திக்கிச்சோன்னு பக்குன்னு இருக்கு,” என்பார் இவர்.

“பத்திக்கிட்டா உங்களுக்கென்ன, லிஃப்டுல ஏறித் தப்பிச்சிடுவீங்க,” என்பாள். தனக்கு ஒரு துண்டை வறுத்துக்கொண்டு, முணுமுணுக்காமல் இவருக்கு வேறு சமைப்பாள்.

மழை ஆரம்பித்த சமயத்தில் காய்ச்சலென்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அந்தச் சனிக்கிழமையே யாரோ கதவைத் தட்டினார்கள். கட்டு மேசைக்கு மூத்தவள், எல்லோருக்கும் பெரியக்கா, பையோடு நின்றாள்.

“அவ பங்கு, தம்பி. எங்க மேசையில ஒரு வழக்கம். வேலையில இருக்கும்போதே ஒருத்தி போயிட்டா, அவ இடத்துக்கு ஆள் வர்ற வரைக்கும் பங்கு வீட்டுக்குப் போகும்.”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஆள் வருகிற வரைக்கும். அப்படியானால், பை வந்துகொண்டிருக்கும்வரை அவள் நின்ற இடம் காலியாகத்தான் இருக்கிறது. வேறொருத்தி அங்கே வந்து நிற்கவில்லை. கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

வாங்கியதைத் தூக்கிப் போட மனம் வராததால் சமைக்கக் கற்றுக்கொண்டார். முதல் தடவை முழுசாக வேகவைத்து, ரப்பர் குழாயை மெல்வதுபோல மென்றார். அடுத்த தடவை எண்ணெயில் குளிப்பாட்டினார். போகப்போகக் கை பழகிற்று. மதியம் ஆஸ்பத்திரி கேண்டீன், ராத்திரி சாசேஜ் என்றானது.

“என்னண்ணே, இன்னைக்கும் புகையா? பேஷண்ட்டெல்லாம் பசியோட இறங்குறாங்க,” என்று நர்ஸ்கள் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துவைப்பார். மேல்மாடியில் எல்லோரும் இறங்கியபின் காலிப் பெட்டி கீழே வரும். கீழே வந்து சேரும்வரை அவரும் சட்டையிலிருந்து வரும் அந்த வாசனையும்தான்.

ஆனாலும் ஒரு வயிறு எவ்வளவு தாங்கும்? ஒருநாள் நெஞ்செரிச்சல் பொறுக்காமல், கீழ்வீட்டுத் தையல்காரியிடம் பாதிப் பையைக் கொடுத்தார். பிறகு அதுவே பழக்கமாயிற்று. தையல்காரி நல்லவள், ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது. கம்பெனிப் பெண்கள் கட்டும் ஏப்ரன்களைத் தைத்துக் கொடுப்பவளும் அவள்தான் என்பது அவர் நினைவுக்கு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை பை வரவில்லை. விளக்கைப் போட்டார், வாசல் கதவைத் திறந்துவைத்தார், படி இறங்கித் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ஃபிரிட்ஜில் இருந்த மிச்சத்தைக் குட்டிக் குட்டியாக நறுக்கி அந்த வாரத்தை இழுத்தார். ஆறாத துக்கத்தைவிட ஆள் வந்துவிட்டாளோ என்ற இந்தச் சின்னச் சந்தேகம்தான் அவரைத் தூங்கவிடவில்லை. மறு சனிக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வேலை விடும் நேரத்துக்குக் கம்பெனி வாசலில் போய் நின்றார்.

பெரியக்கா அவரைக் கண்டதும் நடையைத் தளர்த்தினாள்.

“என்ன தம்பி, தெருவுக்கே பந்தி வைக்கிறீங்களாமே? தையல்காரி வந்து வாயாரப் புகழ்ந்துட்டுப் போனா.”

“அது வந்துக்கா... கொஞ்சம் அதிகமா இருந்துச்சு.”

“உங்களுக்குப் புடிக்காதுன்னு அவ எப்பவும் சொல்லுவா. புடிக்காததை வாராவாரம் உங்க தலையில கட்டிட்டு இருந்திருக்கோம். எங்களுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.”

“இனிமே யாருக்கும் குடுக்கலக்கா. எல்லாத்தையும் நானே சாப்பிட்டுடுறேன்.” பள்ளிக்கூடப் பையன் போலச் சொன்னார். “பங்கை மட்டும் நிறுத்திடாதீங்க.”

பெரியக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அது மட்டும் இல்ல தம்பி. ஆள் வந்துட்டா. போன வாரம்தான் சேந்தா.”

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அதற்குள் ஒரு பெண் பையைத் தூக்க மாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். “அக்கா, போன வாரத்து மூட்டையே இன்னும் தீரல. வீட்ல ரெண்டே பேரு. இதை வச்சுக்கிட்டு நான் சாசேஜ் தோரணம்தான் கட்டணும்!”

இவர் யாரென்று சொல்லப் பெரியக்கா வாயைத் திறந்தாள். வேண்டாமென்று அவர் கண்ணாலேயே தடுத்தார். பிறகு அந்தப் பெண் பக்கம் திரும்பினார்.

“எல்லாத்தையும் ஒரே மாதிரி வறுக்காதீங்கம்மா. வளையமா நறுக்கி வெறும் சட்டியில போடுங்க, எண்ணெயே வேணாம், அதுவே விடும். அதை எடுத்துட்டு அந்தக் கொழுப்புல உருளைக்கிழங்கு. கிழங்கு செவந்ததும் திரும்பச் சேருங்க. மறுநாள் முட்டைக்கோஸ், மெல்லிசா அரிஞ்சு. மிச்சச் சோறு இருந்தா வெங்காயத்தோட கிளறிக்கலாம். காஞ்ச ரொட்டி கிடந்தா பிச்சுப் போட்டு மேல முட்டை உடைச்சு ஊத்துங்க.”

“வெடிச்சதை என்ன பண்றது? பாக்கவே சகிக்கல.”

“அதைக் கையால உதிர்த்து வையுங்க. பருப்பு பாதி வெந்ததும் போட்டுட்டா, பாத்திரத்தை வழிச்சு நக்கணும்.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “ஹோட்டல் வச்சிருக்கீங்களா?”

“இல்ல. லிஃப்ட் ஓட்டுறேன்.”

“அப்ப யாரு சொல்லிக் குடுத்தா?”

“வீட்லதான்,” என்றார்.

பஸ் வந்தது. பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் ஓடி ஏறினாள். “வீட்டுப் பக்கம் வாங்க தம்பி,” என்றாள் பெரியக்கா. “வர்றேன்க்கா,” என்றார். வரமாட்டார் என்பது இருவருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கை வழக்கமான அளவில் நறுக்கினார். சாசேஜ் இல்லாததால் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி வறுத்தார். நன்றாகவே சிவந்து வந்தது. தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஒரு வாய் வைத்தார். சப்பென்று இருந்தது. இத்தனை நாளும் உப்பென்று தனியாகப் போட வேண்டியிருக்கவில்லை, சாசேஜிலிருந்தே இறங்கிவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது.

எழுந்து அலமாரியைத் திறந்தார். உப்பை அவள் எந்த டப்பாவில் வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. மூடி மூடியாகத் திறந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். கடைசியில் கிடைத்தது, கல்லாக இறுகிப்போயிருந்தது. கரண்டிக் காம்பால் குத்தி உடைத்துக் கொஞ்சம் தூவிக்கொண்டார். கிழங்கு ஆறிப்போயிருந்தது. ஒன்றையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.